நெடுநாள் நின்ற மாடிஃபைடு ஸ்போர்ட்ஸ் கார்: மின் கோளாறை எங்கிருந்து தேடுவது?

ஆறேழு மாதம் உறை போட்டு மூடி வைத்த வண்டியை ஆசையோடு திறந்து சாவியைத் திருப்புகிறீர்கள். டேஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிகின்றன, எங்கோ ஒரு ரிலே படபடவென்று அடித்துக்கொள்கிறது, செல்ஃப் சுற்றவே இல்லை. அல்லது வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஆனால் டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டருக்கு உயிரில்லை, ஒரு பக்க ஹெட்லைட் எரியவில்லை, செக் இன்ஜின் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது. முதல் முறை இதைப் பார்ப்பவருக்கு நாலைந்து பாகங்கள் ஒரே நேரத்தில் போய்விட்டதாகத் தோன்றும். பெரும்பாலும் போயிருப்பது ஒன்றுதான்.

சும்மா நிற்கும் காலத்தில் நல்ல பாகம் கெடுவது குறைவு. ஏற்கெனவே அரைகுறையாக இருந்த இணைப்புதான் ஈரமும் துருவும் ஏறி முழுக்கக் கைவிடும். அந்த அரைகுறை இணைப்பு கம்பெனி போட்ட வயரிங்கில் இருப்பதைவிட, பின்னால் யாரோ வெட்டி ஒட்டிய இடத்தில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதனால் தேடும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பேட்டரி, அடுத்து எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி), அதற்கடுத்து பின்னால் சேர்த்தவை. இவையெல்லாம் சரி என்று மீட்டர் சொன்ன பிறகுதான் கம்பெனி பாகங்கள்.

இந்த வரிசையை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். எட்டு மாதம் நின்ற ஒரு டர்போ வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கிராங்க் சென்சாரை மாற்றினேன். பிறகு இக்னிஷன் காயில்களை மாற்றினேன். கோளாறு இருந்தது இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையில். இன்ஜின் மவுன்ட் மாற்றிய சமயத்தில், பெயின்ட் அடித்த பிராக்கெட் மேலேயே அந்தப் பட்டையை வைத்து முறுக்கியிருந்தார்கள். இரண்டு நிமிடம் மல்டிமீட்டர் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

சாவியைத் தொடுவதற்கு முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், கம்பி பிரஷ், உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர், வண்டியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், உங்கள் மாடலுக்கான வயரிங் டயகிராம். இவ்வளவு போதும். டயகிராமில் இல்லாத வயர் எதைக் கண்டாலும் நிறத்தையும், எங்கிருந்து எங்கே போகிறது என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாடிஃபைடு வண்டியில் அந்தத் தாள்தான் பாதி வேலையைச் செய்யும்.

சில எச்சரிக்கைகள். சார்ஜ் ஏறும் லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். காற்றோட்டமான இடத்தில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள். மோதிரத்தையும் உலோகப் பட்டை வாட்ச்சையும் கழற்றி வையுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. அவற்றில் டெஸ்ட் லாம்ப்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். ஹைபிரிட் வண்டியில் ஆரஞ்சு கேபிள் உயிரை எடுக்கும் மின்னழுத்தம் கொண்டது, பக்கத்திலேயே போகாதீர்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அதைச் சரி செய்யும் வரை மின் வேலையே கூடாது.

இனி கண்ணால் பார்ப்பது. பானட்டைத் திறந்து டார்ச் அடித்து எலி வந்த தடயம் தேடுங்கள்: புழுக்கை, பஞ்சு, இலைக் குப்பை, பல் பதிந்த வயர். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் கூடு கட்டியிருக்கும். அடுத்து டிக்கியின் அடித்தளம், கால்மிதிக்கு அடியில் உள்ள கார்ப்பெட், ஸ்பேர் வீல் குழி. கையால் அழுத்திப் பாருங்கள், ஈரம் தெரியும். பல வண்டிகளில் ஏதாவது ஒரு கன்ட்ரோல் யூனிட் இருக்கைக்கு அடியிலோ கார்ப்பெட்டுக்கு அடியிலோ உட்கார்ந்திருக்கும். டெயில் லைட் ரப்பர் வழியாகவோ அடைத்துப்போன வடிகால் துளை வழியாகவோ இறங்கிய தண்ணீர் நேராக அதன் கனெக்டருக்குப் போகும். ஈரம் இருந்தால் முழுக்க உலர்த்திய பிறகே பேட்டரியை இணையுங்கள். ஈரமான கனெக்டரில் கரண்ட் பாய்ந்தால் பின்கள் சில நாளிலேயே பச்சை பூத்து அரித்துவிடும்.

பேட்டரி

சார்ஜரில் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்த சாதாரண 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் 12.6 அல்லது 12.7 காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஏஜிஎம் வகையில் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் தேக்கிய மூடிய பேட்டரி) முழு சார்ஜ் அளவு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 12.8-ஐ ஒட்டி இருக்கும். பேட்டரி காலியாகவே மாதக்கணக்கில் கிடந்தால் அதன் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அப்படிப்பட்டது சார்ஜ் ஏறியதுபோல் 12.6 காட்டும், செல்ஃப் அடித்ததும் படுத்துவிடும். ஆகவே ஓய்வு வோல்ட்டை மட்டும் நம்பாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது டெர்மினலில் மீட்டரை வைத்துப் பாருங்கள். சாதாரண வெப்பநிலையில் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது.

எடை குறைக்க லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போட்டிருந்தால் இந்த எண்கள் பொருந்தாது. அதன் ஓய்வு வோல்ட் 13.2-க்கு மேல் இருக்க வேண்டும். மிகவும் இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் துண்டித்துவிடும், மீட்டரில் பூஜ்யம்கூடக் காட்டலாம். இதற்கு லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும். லெட்-ஆசிட் சார்ஜரின் சல்ஃபேட் நீக்கும் முறையை இதில் போட்டால் பேட்டரி பாழாகும்.

சார்ஜரில் ஏற்றிவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். வேறொரு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. காலியான பேட்டரியை நிரப்பும் சுமை முழுவதும் ஆல்டர்னேட்டர் தலையில் விழுந்து அது சூடேறும். அதற்கான கருவி அது இல்லை. அவசரத்துக்கு ஜம்ப் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசி நெகடிவ் கிளிப்பைக் காலியான பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி இன்ஜினின் வெறும் உலோகத்தில் மாட்டுங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு வெளியே மட்டும் கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள்.

எர்த்: பாதிக் கோளாறு இங்கேதான்

புதியவர்கள் பாசிட்டிவ் வயரை மட்டுமே துரத்துவார்கள். போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டுமே! அந்தத் திரும்பும் வழிதான் எர்த். அது கெட்டால் கோளாறு ஒரே இடத்தில் நிற்காது. இண்டிகேட்டர் போட்டால் டேஷ்போர்டு விளக்கு மினுக்கும், ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும், சென்சார்கள் தப்புத்தப்பாகச் சொல்லும். சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்கள் ஒன்றையொன்று பாதித்தால் உங்கள் சந்தேகம் முதலில் எர்த் மேல் விழட்டும்.

இதை ஓம் (மின்தடை) அளந்து கண்டுபிடிக்க முடியாது. இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிச்சம் இருந்தாலும் ஓம் மீட்டர் ‘நன்றாக இருக்கிறது’ என்றே காட்டும், ஏனென்றால் அது அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. சுமை ஏறும்போது எவ்வளவு வோல்ட் வழியிலேயே தொலைகிறது என்று அளக்க வேண்டும். செய்முறை இது:

1. இன்ஜின் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஃப்யூவல் பம்ப் ஃபியூஸைக் கழற்றுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கட்டும்.
2. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகடிவ் கம்பத்தில் தொடுங்கள். கிளாம்ப்பில் அல்ல, கம்பத்தில்.
3. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்தில் வையுங்கள். இன்னொருவரை ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்.
4. ஏறக்குறைய 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.5, 1.0 என்று போனால் எர்த் வழியில் தடை இருக்கிறது.
5. இப்போது சிவப்பு முனையைக் கிளாம்ப், பாடி போல்ட், பட்டையின் மறுமுனை என்று ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று ஏறுகிறதோ, அந்த இணைப்புதான் குற்றவாளி.

பாசிட்டிவ் பக்கமும் இப்படியே: பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த டெர்மினலுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

பேட்டரியை டிக்கிக்கு மாற்றிய வண்டிகளில் இந்தச் சோதனை கட்டாயம். நீண்ட கேபிள், மெல்லிய கேபிள், டிக்கித் தகட்டில் பெயின்ட் மேல் முறுக்கிய எர்த் போல்ட் என மூன்றும் சேர்ந்தால் நன்றாக இருந்த வண்டியும் செல்ஃப் இழுக்காது. மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் இரண்டு தலைமுறைகளில் கம்பெனியே பேட்டரியை டிக்கியில்தான் வைத்தது; சரியான கேபிள் இருந்தால் அந்த இடத்தில் தவறேதும் இல்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: முன்னால் ஓடும் பாசிட்டிவ் கேபிளில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பெரிய ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால், கேபிள் எங்காவது தகட்டில் உரசிய அன்றைக்கு வண்டியே எரியும். மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் போடுங்கள்.

ரேஸ் வண்டிபோல், மொத்தக் கரண்ட்டையும் துண்டிக்கும் கில் ஸ்விட்ச் இருந்தால் அதன் இரு முனைகளுக்கும் இடையே இதே சோதனையைச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் செப்புத் தகடு நிறம் மங்கி ஆக்ஸைடு ஏறியிருக்கும். பத்துப் பதினைந்து முறை திருப்பினாலே சில சமயம் சரியாகும். ஆகிவிட்டால்கூட அந்த ஸ்விட்ச்சை மாற்றிவிடுவதே நல்லது.

எர்த்தைச் சுத்தம் செய்வதென்றால் போல்ட்டை இறுக்குவதல்ல. கழற்றி, வளையத்தையும் தகட்டையும் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, பிறகு மேலே துரு ஏறாமல் பூச்சு கொடுப்பது.

பின்னால் சேர்த்தவை

இப்போது உங்கள் குறிப்புத் தாளை எடுங்கள். அலாரம், டிராக்கர், டர்போ டைமர், ஆம்ப்ளிஃபயர், வைட்பேண்ட் மீட்டர் (எக்ஸாஸ்ட்டில் உள்ள சென்சார் மூலம் காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டுவது), பூஸ்ட் கன்ட்ரோலர், டிஜிட்டல் டேஷ், பெரிய ஃப்யூவல் பம்ப், எல்இடி ஹெட்லைட். ஒவ்வொன்றும் எங்கிருந்து பாசிட்டிவ் எடுக்கிறது, எங்கே எர்த் ஆகிறது, வழியில் ஃபியூஸ் உண்டா என்று தேடுங்கள்.

நான் முதலில் கை வைப்பது அலாரத்தில். வெளியில் வாங்கிப் பொருத்தும் அலாரங்கள் பல, இக்னிஷன் ஸ்விட்ச்சிலிருந்து வரும் செல்ஃப் வயரை வெட்டி நடுவில் ஒரு ரிலே போடும். அந்த வெட்டிய இணைப்பு ஸ்டியரிங்குக்கு அடியில் டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருக்கும். சாவி திருப்பினால் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தும் செல்ஃப்பில் ‘டக்’ சத்தம்கூட இல்லையென்றால் அங்கே பாருங்கள். வேகமாக டக டகவென்று அடித்தால் பேட்டரியோ கேபிளோ. ஒரே ஒரு பலத்த ‘டக்’ மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரோ அதன் சோலனாய்டோ, அல்லது இன்ஜினே இறுகிப்போயிருக்கலாம். கடைசி சந்தேகத்துக்கு, இன்ஜினை ஸ்பேனர் போட்டுக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

இணைப்புகளில் மோசமானவை இரண்டு. ஒன்று, வயரை முறுக்கி டேப் சுற்றியது. பசை உருகி வழிந்து செம்பு கறுத்திருக்கும். மற்றொன்று, ஓடும் வயர் மேலேயே கடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கனெக்டர். உள்ளே இருக்கும் தகடு சில இழைகளை அறுத்துவிட்டு ஈரத்துக்கும் வழி விடும். இரண்டையும் பார்த்த இடத்தில் வெட்டி எறிந்து, சரியான கருவியால் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடேற்றினால் சுருங்கும் உறை) போடுங்கள். மற்ற எல்லா வேலையையும் தள்ளிப்போடலாம், இதை வேண்டாம்.

ரிலேக்களில் ஒரு ஏமாற்று உண்டு. ‘டக்’ என்று சத்தம் வந்தால் ரிலே நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. காயில் வேலை செய்கிறது என்று மட்டுமே அர்த்தம். 85, 86 என்று எழுதிய பின்கள் காயிலுக்கு. 30-இல் கரண்ட் உள்ளே வரும், 87-இல் வெளியே போகும். சத்தம் வந்த பிறகு 87-இலும் பேட்டரி வோல்ட் வருகிறதா என்று சுமையோடு அளந்து பாருங்கள். உள்ளே கான்டாக்ட் கருகியிருந்தால் வராது. அதே எண், அதே பின் அமைப்புள்ள ஹார்ன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது விரைவான வழி.

டிஜிட்டல் டேஷ் போட்ட பழைய வண்டிகளில் ஒரு விசேஷக் கோளாறு. பல பழைய ஆல்டர்னேட்டர்கள் விழித்துக்கொள்வதே டேஷ்போர்டில் உள்ள சார்ஜ் எச்சரிக்கை பல்ப் வழியாக வரும் சிறு கரண்ட்டால்தான். பழைய மீட்டர் பெட்டியைக் கழற்றி எறிந்தால் அந்த பல்ப்பும் போகும், ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்காது. அந்த இடத்தில் ஒரு பல்ப்போ தகுந்த ரெசிஸ்டரோ போட்டால் தீர்ந்தது. ஆல்டர்னேட்டர் நல்லதாகவே இருக்கும்!

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

கழற்றிய ஃப்யூவல் பம்ப் ஃபியூஸை மாட்டினீர்களா? மாட்டிய பிறகு இக்னிஷனை ஆன் செய்து காது கொடுங்கள். பல வண்டிகளில் பம்ப் இரண்டு மூன்று விநாடி ‘உர்ர்’ என்று ஓடி நிற்கும். சத்தம் இல்லையென்றால் பம்ப்பின் கனெக்டரிலேயே வோல்ட் பாருங்கள். வோல்ட் முழுசாக வந்து, எர்த்தும் சரியாக இருந்து, பம்ப் ஓடவில்லையென்றால் பம்ப் போனது. எத்தனால் அதிகம் கலந்த எரிபொருளோடு நிறுத்தி வைத்த வண்டியில் இது நடக்கும். எத்தனால் ஈரத்தை இழுத்து உள்ளே அரிப்பை உண்டாக்கும்.

பம்ப் ஓடினால் அடுத்து ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி. செல்ஃப் அடிக்கும் அந்த நேரத்தில் ஈசியு-வுக்கு வரும் வோல்ட்டை அளங்கள். சாதாரண நேரத்தில் 12 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் சரிந்தால் அது ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும், ஸ்பார்க் வராது. இதற்கும் காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன எர்த்தும் கேபிளும்தான். சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் வயரையும் பாருங்கள். பல சென்சார்களுக்கு அது பொது. ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் எல்லாமே செத்ததுபோல் காட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே கெட்டது.

சாவி படம் போட்ட விளக்கு மின்னினால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு அமைப்பு) சாவியை அடையாளம் காணவில்லை. ஸ்பேர் சாவியால் முயலுங்கள். சாவிக்கொத்தில் நெருக்கமாக இன்னொரு சிப் சாவி இருந்தால் அதைக் கழற்றி வையுங்கள்.

வைட்பேண்ட் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: இன்ஜின் ஓடாமல் இக்னிஷனை நெடுநேரம் ஆன் செய்து வைத்துச் சோதிக்காதீர்கள். சென்சாரின் ஹீட்டர் கொதித்துக்கொண்டிருக்க, எக்ஸாஸ்ட்டில் தேங்கிய ஈரம் அதன்மேல் பட்டால் பீங்கான் விரிசல் விடும். சோதனை முடியும்வரை அதன் ஃபியூஸைக் கழற்றி வைக்கலாம்.

ஓட ஆரம்பித்த பிறகு

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். புது வண்டிகளில் ஈசியு இதை ஏற்றி இறக்கும், அதனால் ஒரு நிமிடப் பார்வையில் முடிவு செய்யாதீர்கள். ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டும் பாருங்கள். 15-ஐத் தாண்டிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள், ரெகுலேட்டர் போயிருக்கிறது.

ஸ்கேனரை மாட்டினால் கோளாறுக் குறியீடுகள் (கோடுகள்) மழையாகக் கொட்டும். பயப்பட வேண்டாம். வோல்ட் சரிந்தபோது பதிவானவை அவற்றில் நிறைய. பி0562 என்பதே சிஸ்டம் வோல்ட் குறைவு என்பதுதான். ‘யு’ என்று தொடங்குபவை யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்ற புகார். எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு அழித்து, ஓட்டிப் பார்த்து, திரும்பி வருவதை மட்டும் துரத்துங்கள்.

‘யு’ கோடுகளே திரும்பத் திரும்ப வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6-ஆம், 14-ஆம் பின்களுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். யூனிட்டுகள் பேசிக்கொள்ளும் கேன் வயரிங்கின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வர வேண்டும். 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ டிஜிட்டல் டேஷையோ டேட்டா லாகரையோ அதன் சொந்த ரெசிஸ்டரோடு சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். சாக்கெட்டுக்கும் அந்த வயரிங்குக்கும் இடையில் கேட்வே என்ற யூனிட் உள்ள புதிய வண்டிகளில் இந்தக் கணக்கு சாக்கெட்டில் தெரியாது.

பேட்டரி முழுக்க இறங்கிய வண்டியில் ஐடில் ஏறி இறங்குவதும், கதவுக் கண்ணாடி முழுக்க ஏறாமல் நிற்பதும் பழைய அளவுகள் மறந்துபோனதால். மேனுவலில் உள்ளபடி மறுபடி கற்றுக்கொடுத்தால் சரியாகும்.

பேட்டரி மறுபடி இறங்கினால்

எல்லாம் அணைத்த பிறகும் யாரோ கரண்ட் குடிக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 50 மில்லி ஆம்பியர்வரை இயல்பு. அந்த 50-கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர், 60 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். 300 மில்லி ஆம்பியர் என்றால் எட்டு ஒன்பது நாளில் சுத்தமாகக் காலி.

அளப்பதற்கு மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றி, பேட்டரி நெகடிவுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் தொடராக இணையுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் பறக்கும். கதவுத் தாழ்ப்பாளை மூடிய நிலைக்குத் தள்ளி வைத்து, சாவியைத் தூரமாக வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். யூனிட்டுகள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். அதற்கு முன் வரும் எண்ணை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களைப் பிடுங்காதீர்கள், பிடுங்கி மாட்டினால் தூங்கியவை விழித்துக்கொள்ளும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஃபியூஸின் முதுகில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அதில் கரண்ட் ஓடவில்லை. எண் நிலையாக நின்றால் அந்த வழியில் ஓடுகிறது. எந்த ஃபியூஸும் காட்டவில்லையென்றால் பேட்டரியிலிருந்து நேராகப் போகும் வயர்களைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரும் டிராக்கரும் அங்கேதான் மாட்டியிருப்பார்கள். ஆம்ப்ளிஃபயரின் ரிமோட் வயரை இக்னிஷனுக்குப் பதிலாக எப்போதும் கரண்ட் உள்ள வயரில் மாட்டியிருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கூடுதல் மீட்டர்களிலும் இப்படியே, நினைவுக்கான வயரையும் இக்னிஷன் வயரையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள்.

கிடைத்த எண்களை, ஓய்வு வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது வோல்ட், எர்த்தில் தொலையும் வோல்ட், கசியும் மில்லி ஆம்பியர் என்று தேதியோடு எழுதி ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை உறையை எடுக்கும் நாளில், எது மாறியிருக்கிறதோ அங்கிருந்தே தேடத் தொடங்கலாம்.